நகரும் ஏற்பிகள், நிலைக்கும் பாடம்

(நாமக்கல்லில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சேலம், ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு என்று இந்தச் சமவெளியில் எந்தச் சாலையில் போனாலும் ஒரு விடுதிப் பள்ளியைத் தாண்டித்தான் போக வேண்டும். தமிழ்நாட்டின் எந்த மூலையிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்கே சேர்த்துவிட்டுப் போகிறார்கள். பிளஸ் டூ மதிப்பெண்தான் மருத்துவக் கல்லூரிக்கு வழி என்றிருந்த காலத்தில் வளர்ந்த பள்ளிகள் இவை. 2017-இல் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் வந்தது. அதே ஆண்டில் பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிக்கும் வழக்கமும் நின்றது. தேர்வு மாறியது, பாடப்புத்தகம் மாறியது. விடியற்காலை ஸ்டடியும் இரவு ஸ்டடியும் மட்டும் பெரிதாக மாறவில்லை.

இத்தனை உழைப்பும் ஒரு பிள்ளையின் மூளைக்குள் போய் என்னவாகிறது? படித்தது எங்கே தங்குகிறது? எதனால் தங்குகிறது, எதனால் தங்காமல் போகிறது? உடலியங்கியல் பாடம் நடத்தியவன் என்ற முறையில் இந்தக் கேள்விக்குத்தான் இன்று விடை சொல்ல வந்திருக்கிறேன். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்றல் நடக்கும்போது நரம்பு செல்கள் சந்திக்கும் இடங்களில் ஏற்பி எனப்படும் புரத மூலக்கூறுகள் இடம் பெயர்கின்றன. சில வந்து தங்குகின்றன, சில விலகிப் போகின்றன. அந்த நகர்வுக்கு நேரம் வேண்டும். நேரம் கொடுக்காத படிப்பு பாதி வீண்.

இது எப்படித் தெரியவந்தது என்பதிலிருந்து தொடங்குவோம்.

ஸ்பெயின் நாட்டு அறிஞர் சந்தியாகோ ரமோன் இ கஹால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூளைத் திசுவைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்து, நரம்பு செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிணைந்த வலை அல்ல, ஒவ்வொன்றும் தனித்தனி என்று காட்டினார். 1906-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு செல் இன்னொன்றைச் சந்திக்கும் இடத்துக்கு 1897-இல் ஆங்கிலேய உடலியங்கியலாளர் ஷெரிங்டன் சினாப்ஸ் என்று பெயரிட்டார். கனடாவைச் சேர்ந்த டொனால்ட் ஹெப் 1949-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: இரண்டு நரம்பு செல்கள் திரும்பத் திரும்பச் சேர்ந்து இயங்கினால் அவற்றுக்கிடையிலான இணைப்பு வலுப்பெறும், நினைவுக்கு அடித்தளம் அதுதான் என்றார். அப்போது அது வெறும் ஊகம்.

ஊகத்துக்குச் சான்று ஆஸ்லோ நகரில் கிடைத்தது. டெர்யே லோமோ, டிமதி பிளிஸ் என்ற இருவர் மயக்கநிலையில் வைத்த முயல்களின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் மின்தூண்டல் கொடுத்தார்கள். ஹிப்போகாம்பஸ் என்பது புதிய நினைவுகள் உருவாக இன்றியமையாத பகுதி. சிறிது நேரம் வேகமாகத் தூண்டிவிட்டுப் பிறகு பழையபடி ஒற்றைத் தூண்டல் கொடுத்தால், முன்பைவிடப் பெரிய எதிர்வினை வந்தது. அந்த மாற்றம் மணிக்கணக்கில் நீடித்தது. 1973-இல் வெளியான அந்த ஆய்வுதான் நீடித்த வலுப்பாடு என்ற துறையையே தொடங்கி வைத்தது. இதற்கு எதிரான நீடித்த தளர்வும் உண்டு என்பது பின்னர் தெரிந்தது. இணைப்பு வலுக்கவும் செய்யும், தளரவும் செய்யும். இந்த இரண்டும் சேர்ந்ததே சினாப்ஸின் இளக்கம்.

வலுத்தது என்றால் எது வலுத்தது? இங்கேதான் விஷயம் சுவையாகிறது.

சினாப்ஸில் இரண்டு செல்களுக்கும் நடுவே சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. முதல் செல்லின் முனையிலிருந்து குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் இந்த இடைவெளியில் கொட்டுகிறது. எதிர்ச் செல்லின் சவ்வில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் பதிந்திருக்கின்றன. இரண்டு வகை ஏற்பிகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஆம்பா ஏற்பி. குளுட்டமேட் பட்டதும் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் திறந்து சோடியத்தை உள்ளே விடும். அன்றாடச் செய்திப் போக்குவரத்து எல்லாம் பெரும்பாலும் இதன் வழியாகத்தான். மற்றொன்று என்எம்டிஏ ஏற்பி. இதன் துளையை மக்னீசியம் அடைத்துக்கொண்டிருக்கும். குளுட்டமேட் மட்டும் வந்தால் போதாது. எதிர்ச் செல்லும் அதே நேரத்தில் போதுமான அளவு கிளர்ச்சி அடைந்திருந்தால்தான் மக்னீசியம் விலகிக் கால்சியம் உள்ளே பாயும். இரண்டு பக்கமும் சேர்ந்து இயங்கினால்தான் திறக்கும் என்பதால், ஹெப் ஊகித்த விதியை மூலக்கூறு அளவில் நடத்திக் காட்டுவது இந்த ஏற்பிதான்.

கால்சியம் உள்ளே போனதும் என்ன நடக்கிறது? 1995-இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டன. சில சினாப்ஸ்களில் என்எம்டிஏ ஏற்பி வேலை செய்கிறது, ஆம்பா ஏற்பி வேலை செய்வதற்கான அடையாளமே இல்லை. சாதாரண நிலையில் அவை ஊமைச் சினாப்ஸ்கள். ஆனால் நீடித்த வலுப்பாட்டைத் தூண்டியதும் அவை பேசத் தொடங்கின. அப்படியானால் ஆம்பா ஏற்பிகள் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். 1999-இல் ராபர்ட்டோ மலினோவின் குழு இந்த ஏற்பிகளோடு ஒளிரும் புரதத்தை இணைத்து, தூண்டலுக்குப் பிறகு அவை நரம்புக் கிளையின் சிறு முட்களுக்குள் வந்து சேர்வதை எலியின் மூளைத் துண்டில் கண்ணால் காணச் செய்தது.

வந்து சேர்கின்றன என்பது சரி. எந்த வழியாக வருகின்றன? செல்லுக்குள்ளிருந்து சிறு பைகளில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டுச் சவ்வோடு கலப்பது ஒரு வழி. வந்தவை திரும்ப உள்ளிழுக்கப்படுவதும் உண்டு. நீடித்த தளர்வில் அந்த உள்ளிழுப்பு மிகுகிறது. ஆனால் சவ்வின் மேற்பரப்பிலேயே ஏற்பிகள் நகர்கின்றனவா என்ற கேள்வி அப்படியே இருந்தது. பதிந்த ஏற்பி பதிந்த இடத்தில் நிற்கும் என்றே பலரும் நினைத்திருந்தார்கள்.

பிரான்ஸ் நாட்டின் போர்தோ நகரில் டேனியல் ஷோக்கே என்ற ஆய்வாளர் இதைச் சோதிக்க எடுத்துக்கொண்ட வழி எளிமையானது. ஆம்பா ஏற்பியை மட்டும் இனம்கண்டு பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை நுண்ணிய லேடெக்ஸ் மணிகளில் பூசினார்கள். வளர்ப்புத் தட்டில் உயிரோடு இருக்கும் நரம்பு செல்லின் மேல் அந்த மணியை ஒட்டவைத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மணி ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒழுங்கில்லாமல் அங்குமிங்கும் அலைந்தது, திடீரென நின்றது, பிறகு மறுபடி புறப்பட்டது. நின்ற இடங்கள் பல சினாப்ஸ்களை ஒட்டியவை. செல்லுக்குள் கால்சியம் கூடியபோது மணியின் ஓட்டம் சட்டென்று அடங்கியது. 2002-இல் இந்த ஆய்வு வெளிவந்தது. ஏற்பி நகர்கிறது, கால்சியம் அதை நிறுத்துகிறது என்ற இரண்டு உண்மைகளும் ஒரே பரிசோதனையில் கிடைத்தன.

நம் ஊருக்கேற்ற உவமை ஒன்று சொல்கிறேன். ஒரு லோடு ஏற்றும் இடத்தில் எப்போது பார்த்தாலும் இருபது லாரி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் நின்ற அதே இருபதுதான் மாலையிலும் நிற்கிறது என்று நாமக்கல்காரர் யாரும் நினைக்கமாட்டார். சில போயிருக்கும், சில வந்திருக்கும், எண்ணிக்கை மட்டும் ஏறத்தாழ நிற்கும். லோடு கூடினால் நிற்கும் வண்டிகளும் கூடும். சினாப்ஸும் அப்படித்தான். வேறுபாடு ஒன்றுண்டு: லாரிக்கு டிரைவர் இருக்கிறார், ஏற்பிக்கு இல்லை. சுற்றியுள்ள மூலக்கூறுகள் வெப்பத்தால் இடித்துத் தள்ளத் தள்ள அது அலைகிறது. பிடித்து நிறுத்தும் புரதங்கள் உள்ள இடத்துக்கு வந்தால் தங்குகிறது. ஆகவே சினாப்ஸ் ஏற்பிகளைத் தேடிப் போவதில்லை. வருபவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும் திறனைத்தான் கூட்டிக்கொள்கிறது.

அந்தப் பிடிமானம் எப்படி உண்டாகிறது என்பதும் தெரிந்திருக்கிறது. ஆம்பா ஏற்பியோடு ஸ்டார்கேசின் என்ற துணைப்புரதம் சேர்ந்தே இருக்கும். கால்சியம் பாய்ந்ததும் காம்கினேஸ் என்ற நொதி விழித்து, ஸ்டார்கேசினின் வாலில் பாஸ்பேட் தொகுதிகளை ஏற்றுகிறது. உடனே அந்த வால், சினாப்ஸின் அடித்தளத்தில் இருக்கும் பிஎஸ்டி-95 என்ற புரதத்தோடு இறுகப் பிணைகிறது. அலைந்துகொண்டிருந்த ஏற்பி நங்கூரமிடுகிறது.

எங்கே நங்கூரமிடுகிறது என்பதும் முக்கியம். 2013-இல் ஷோக்கே, எரிக் ஓசி ஆகியோரோடு சேர்ந்து தீபக் நாயர் என்ற இந்திய ஆய்வாளர் முதன்மை ஆசிரியராக ஓர் ஆய்வை வெளியிட்டார். அவர் இப்போது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பியல் மையத்தில் பணியாற்றுகிறார். சாதாரண நுண்ணோக்கியால் பிரித்தறிய முடியாத நுண்மையைக் காட்டும் உயர்பிரிதிறன் முறையில் பார்த்தபோது, ஆம்பா ஏற்பிகள் சினாப்ஸ் முழுவதும் சீராகப் பரவியிருக்கவில்லை. சுமார் 70 நானோமீட்டர் அகலமுள்ள சில திட்டுகளில், திட்டுக்கு 20 ஏற்பி என்ற அளவில் கூடியிருந்தன. திட்டுக்கு வெளியே இருந்தவை தடையின்றி அலைந்தன. ஏற்பியின் எண்ணிக்கையோடு அதன் இருப்பிடமும் செய்தியின் வலிமையைத் தீர்மானிக்கிறது என்பது இதனால் உறுதிப்பட்டது. குளுட்டமேட் கொட்டும் இடத்துக்கு நேரெதிரே இருக்கும் ஏற்பிக்குத்தான் அது முழுச் செறிவில் கிடைக்கும். சற்று விலகி இருந்தால் கிடைப்பது சொற்பம்.

இந்த நகர்வு உண்மையிலேயே கற்றலுக்குத் தேவையா, இல்லை கூடவே நடக்கும் ஒரு நிகழ்வுதானா? ஐயம் நியாயமானது. 2017-இல் போர்தோ குழு அதற்கும் விடை கண்டது. பக்கத்துப் பக்கத்து ஏற்பிகளை எதிர்ப்பொருளால் ஒன்றோடொன்று கட்டிப்போட்டார்கள். சவ்வில் ஏற்பிகள் இருந்தன, அன்றாடச் செய்திப் போக்குவரத்தும் நடந்தது. ஆனால் அவற்றால் நகர முடியவில்லை. அப்போது நீடித்த வலுப்பாடு குன்றிப்போனது. உயிருள்ள சுண்டெலியின் ஹிப்போகாம்பஸில் இதையே செய்தபோது, எந்த இடத்தில் அச்சமூட்டும் அனுபவம் நேர்ந்தது என்பதை அது சரிவரக் கற்கவில்லை. ஏற்பி நகராவிட்டால் கற்றல் தடைப்படுகிறது. இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். ஏற்பிப் புரதத்தின் ஆயுளே சில நாள்தான். பழையது சிதைந்து புதியது வருகிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்த வாய்ப்பாடு அறுபது வயதிலும் நினைவிருக்கிறதே, எப்படி? நம் பக்கத்து நகரமான பெங்களூரிலேயே இதற்கு விடை தேடியிருக்கிறார்கள். தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உபிந்தர் பல்லாவும் ஆர்னால்ட் ஹேயரும் 2005-இல் வெளியிட்ட கணினி மாதிரியில், ஏற்பிகளின் போக்குவரத்தும் காம்கினேஸ் நொதியின் செயல்பாடும் தம்மைத் தாமே தாங்கிக்கொள்ளும் சுற்றுகளாக அமைய முடியும் என்று காட்டினார்கள். அப்படி அமைந்தால் தனி மூலக்கூறுகள் வந்து போனாலும் சினாப்ஸின் நிலை மாறாது. மூலக்கூறு நிலையற்றது, அதன் ஏற்பாடு நிலைபெறுகிறது.

இந்த நகர்வு பிறழ்ந்தால் நோய் வருகிறது. அதை ஆய்வுக்கூடச் செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது. 2007-இல் ஜோசப் தல்மாவ் தலைமையிலான மருத்துவக் குழு 12 பெண்களின் நோயை விவரித்தது. நன்றாக இருந்தவர்களுக்குத் திடீரென நடத்தை மாற்றம், மனக்குழப்பம், மறதி, வலிப்பு. கிட்டத்தட்ட அனைவருக்கும் சினைப்பையில் ஒரு கட்டி இருந்தது. அவர்கள் உடலே என்எம்டிஏ ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருளை உண்டாக்கியிருந்தது. அந்த எதிர்ப்பொருள் ஏற்பிகளை ஒன்றோடொன்று பிணைத்து, சினாப்ஸிலிருந்து விலக்கி, செல்லுக்குள் இழுத்துக்கொள்ளச் செய்கிறது என்று அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. நரம்பு செல் சாகவில்லை, ஏற்பிதான் இடம் மாறியிருக்கிறது. அதனால்தான் எதிர்ப்பொருளைக் குறைத்தால் ஏற்பி திரும்பி வருகிறது, நோயாளியும் மீண்டு வருகிறார். 2013-இல் வெளியான 577 நோயாளிகளின் தொகுப்பாய்வில், சிகிச்சைக்குப் பின் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் நல்ல நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். சிகிச்சை சீக்கிரம் தொடங்கியவர்களுக்குப் பலன் கூடுதல்.

இதை இந்த மேடையில் சொல்லக் காரணம் உண்டு. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை ஒரு வாரத்தில் தானாகப் பேசுகிறாள், தூங்குவதில்லை, வெறித்துப் பார்க்கிறாள் என்றால், காத்து கருப்பு அண்டிவிட்டது என்று மந்திரிக்க அழைத்துப்போகும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. படிப்புக்குப் பயந்து நடிக்கிறாள் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சாமி கும்பிடுவதை நான் தடுக்கவில்லை. ஆனால் அன்றைக்கே நரம்பியல் மருத்துவரிடமும் காட்டுங்கள். நாமக்கல்லிலிருந்து சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 50 கிலோமீட்டர்தான். நாள் கடத்துவதுதான் இந்த நோயில் பெரிய தீங்கு.

இனி நம் பிள்ளைகளின் படிப்புக்கு வருகிறேன். மூன்று செய்திகள்.

முதலாவது, இடைவெளி. திரும்பத் திரும்ப ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பது நினைவில் நிற்கும் என்பதை ஜெர்மானியர் எபிங்ஹவுஸ் 1885-இலேயே எழுதிவிட்டார். ஏன் என்பதற்குச் சினாப்ஸிலிருந்து ஒரு விடை 2012-இல் வந்தது. கலிபோர்னியாவில் கேரி லிஞ்ச் குழுவினர் எலியின் ஹிப்போகாம்பஸ் துண்டில் ஒரு முறை தூண்டிவிட்டு, உடனுக்குடன் மறுமுறை தூண்டியபோது கூடுதல் வலுப்பாடு வரவில்லை. ஒரு மணி நேரம் விட்டுத் தூண்டியபோது வந்தது. முதல் தூண்டலில் எல்லைக்கோட்டைத் தொடாமல் நின்றுவிட்ட சினாப்ஸ்கள் இடைப்பட்ட நேரத்தில் பக்குவப்பட்டு, இரண்டாம் முறையில் சேர்ந்துகொள்கின்றன. எலியின் மூளைத் துண்டில் கண்ட கணக்கை அப்படியே வகுப்பறை மணியாக அடிக்க முடியாது. ஆனால் திசை தெளிவாக இருக்கிறது. இயற்பியலை மூன்று மணி நேரம் தொடர்ந்து திணிப்பதைவிட இன்று ஒரு மணி, நாளை ஒரு மணி, அடுத்த வாரம் ஒரு மணி என்று பிரித்துக் கொடுப்பது மூளையின் இயல்புக்கு ஒத்தது.

இரண்டாவது, தூக்கம். 2017-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஹுகனிர் குழு, விழித்திருக்கும் சுண்டெலியின் சினாப்ஸ்களையும் தூங்கும் சுண்டெலியின் சினாப்ஸ்களையும் ஒப்பிட்டது. தூக்கத்தில் ஆம்பா ஏற்பிகள் சுமார் 20 விழுக்காடு குறைந்திருந்தன. பகல் முழுக்க வலுத்த இணைப்புகளை ஒட்டுமொத்தமாகச் சற்றுத் தணித்து, மறுநாள் கற்க இடம் விடும் வேலை இது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தூக்கம் படிப்பிலிருந்து திருடப்பட்ட நேரம் என்ற எண்ணத்தை நாம் விட்டுவிட வேண்டும். இரவு பதினொன்று வரை படிக்கவைத்து நான்கு மணிக்கு எழுப்பினால், ஏற்பிகள் விலகித் தணியும் நேரத்தைத்தான் பறிக்கிறோம்.

மூன்றாவது, அச்சம். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ரா சட்டர்ஜி பல ஆண்டுகளாக மன அழுத்தத்தை ஆராய்ந்தவர். அவர் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து அழுத்தத்துக்கு ஆளான எலிகளின் ஹிப்போகாம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்கின. அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவிலோ நரம்புக் கிளைகள் பெருகின. அமிக்டலாவில் அழுத்தம் புதிய ஊமைச் சினாப்ஸ்களையும் உண்டாக்குகிறது என்றும், அதனால் பயம் இன்னும் வலுவாகப் பதிய இடம் கிடைக்கிறது என்றும் 2014-இல் அதே குழு எழுதியது. மற்றவர் முன்னால் மதிப்பெண்ணைப் படித்துக் காட்டி அவமானப்படுத்துவதும், பிரம்பும், வசவும் பாடத்தைப் பதியவைப்பதில்லை. பயத்தைப் பதியவைக்கின்றன. அந்தப் பயத்துக்கான ஏற்பிகள் நன்றாகவே வந்து தங்குகின்றன.

இந்தப் பள்ளிகளைக் குறைசொல்ல நான் வரவில்லை. வறண்ட பூமியை வைத்துக்கொண்டு லாரியும் கோழிப்பண்ணையும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியுமாக உழைத்து முன்னேறிய மக்கள், அதே உழைப்பைப் படிப்பிலும் போட்டார்கள். முதல் தலைமுறையாகப் படித்த எத்தனையோ பிள்ளைகள் இங்கிருந்து மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் போயிருக்கிறார்கள். அந்த உழைப்பின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் ரிக் வண்டி எத்தனை மணி ஓடுகிறதோ அத்தனை அடி ஆழம் போகும் என்ற கணக்கு மூளைக்குப் பொருந்தாது. பத்து மணி நேரம் படித்ததில் பத்து மணி நேரப் பாடமும் தங்கியிருக்கும் என்று எந்தச் சினாப்ஸும் உறுதி தராது.

பள்ளி நடத்துபவர்களிடமும் ஆசிரியர்களிடமும் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். நேற்று நடத்திய பாடத்தை இன்று பத்து நிமிடமும், அடுத்த வாரம் பத்து நிமிடமும் கேள்வி கேட்டுத் திரும்ப எடுக்கும்படி கால அட்டவணையை மாற்றுங்கள். விடுதியில் விளக்கணைக்கும் நேரத்துக்கும் எழுப்பும் நேரத்துக்கும் நடுவே எட்டு மணி நேரம் இருக்கட்டும். எந்தப் பிள்ளையையும் மதிப்பெண்ணுக்காக எல்லார் முன்னிலையிலும் தலைகுனிய வைக்காதீர்கள். பெற்றோர்களே, அடுத்த முறை விடுதிக்குப் போகும்போது எத்தனை மார்க் என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை மணி நேரம் தூங்குகிறாய் என்று உங்கள் பிள்ளையைக் கேளுங்கள். ஐந்து மணி என்று பதில் வந்தால், அன்றைக்கே பள்ளி முதல்வரைப் பார்த்துப் பேசுங்கள்.